ஒன்பதாம் நம்பருக்கு வச்சிருந்த சீட்டு

பாத்து தம்பி, காலை அங்கிட்டு வைங்க. அந்தப் பையில ஆப்பிள் இருக்கு. நசுங்குன ஆப்பிளைக் கொண்டுபோய் ஒரு வீட்டுல வச்சா என்ன மரியாதை இருக்கும், சொல்லுங்க. குடுங்க, மடியிலேயே வச்சுக்கிறேன். திருப்பூர் வரைக்கும்தானே.

பொண்ணு பாக்கப் போறீங்களான்னு கேக்காதீங்க. கண்டக்டர் கேட்டுட்டாரு. வெத்தலை பாக்கு, பழம், பூன்னு கையில பாத்தா எல்லாரும் அதைத்தான் கேப்பாய்ங்க. நான் பையன் பாக்கப் போறேன். லெப்ட் விங்கு. பதினேழு வயசு, அஞ்சடி எட்டங்குலம், ஷூ சைஸ் ஏழு, ப்ளஸ் டூ. அவன் எங்க காலேஜுக்கு வரணும். அதுக்குத்தான் இந்த ஆப்பிளு.

சிரிக்கிறீங்க. சிரிங்க. புட்பால் தெரியாதவுக சிரிக்கத்தான் செய்வாக. உங்க போன்ல கிரிக்கெட்டுதானே ஓடுது? மத்தியானம் சோத்துக்குக் கலைஞ்சு போறதெல்லாம் ஒரு வெளாட்டுன்னு இந்த நாடே உக்காந்து பாக்குது. போகட்டும்.

எம்பேரு சோலைமலை. கெழக்குக் காலேஜ் கேட்டுக்கு நேர் எதுத்தாப்புல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். இருபத்தி நாலு வருசம். நான் அந்தக் காலேஜுல படிச்சனான்னா, இல்ல. பத்தாவதோட சரி. படிச்சவனெல்லாம் மூணு வருசத்துல சர்ட்டிபிகேட்ட வாங்கிட்டு ஓடிப் போயிட்டான். நான் அங்கேயேதான் இருக்கேன். அப்ப அது யாரு காலேஜு?

எங்க ஊருல ரெண்டு காலேஜு. கெழக்குக் காலேஜு எங்களது. மேட்டுக் காலேஜு அவய்ங்களது. பொங்கலுக்குப் பொங்கல் ரெண்டுக்கும் ஒரு மேட்ச்சு. ஆனா மேட்ச்சு என்ன, தொண்ணூறு நிமிசத்துல முடிஞ்சு போற விசயம். உண்மையான ஆட்டம் ப்ளஸ் டூ ரிசல்ட் வந்ததுல இருந்து காலேஜ் தொறக்குற வரைக்கும். எந்தப் பையன் எந்தக் காலேஜுக்குப் போறான், யாரு யாரைப் போய்ப் பாத்தா, எவன் எவனுக்கு என்ன குடுத்தான், அதுதான் ஆட்டம். அந்த ரெண்டு மாசமும் எங்களுக்குத் தூக்கம் கிடையாது.

எங்களுக்குன்னு ஒரு வாட்ஸப் குரூப்பு இருக்கு. நூத்தி நாப்பது பேரு. அதுல பாதிக்கு மேல வெட்டிப் பயலுக. தனுஷ்கோடின்னு ஒருத்தரு, ரிட்டையர்டு ஹெட் கிளார்க்கு. பேத்தி காதுகுத்தை விட்டுட்டு பெரியகுளத்துக்கு ஸ்கூல் மேட்ச் பாக்கப் போனவரு. அவரு மடியில உக்கார வச்சுத்தான் காது குத்தணும்னு புள்ளையை வச்சுக்கிட்டு அங்க எல்லாரும் காத்துக் கெடக்காக, இவரு கார்னர் கிக்கைப் பாத்துக்கிட்டு நிக்கிறாரு. பைத்தியம். நான் அப்பிடியெல்லாம் இல்ல தம்பி. எதுலயும் ஒரு அளவு வச்சிருக்கேன்.

கொரோனாவுக்கு முந்தின வருசம். அப்ப நாங்க அஞ்சு வருசமா தொடர்ந்து தோத்துக்கிட்டு இருக்கோம். மேட்டுக் காலேஜ் பயலுக என் கடைக்கே வந்து, எங்க கோல் வலை கிழிஞ்சு தொங்குற போட்டோவை ஏ-த்ரீ சைஸுல கலர் பிரிண்ட் போட்டுக் குடுங்கண்ணேன்னு கேட்டாய்ங்க. போட்டுக் குடுத்தேன். தொழிலு. ஆனா வயிறு எரிஞ்சுச்சு.

அந்த நேரத்துலதான் இளமாறன் கிளம்புனான். கரட்டுப்பட்டிப் பையன். அந்த சீசன்ல பதினேழு மேட்ச்சுல முப்பத்தியொரு கோலு. இடது கால்ல பத்தொம்பது, வலது கால்ல ஒம்போது, தலையில மூணு. ஒம்போதாம் நம்பர் பனியன். பந்து அவன் கால்ல ஒட்டிக்கிட்டே போகும். அவன் வந்தான்னா பொங்கல் கப்பு எங்களுது. வரலைன்னா ஆறாவது வருசமும் அந்தப் பயலுகளுக்குப் பிரிண்ட் போட்டுக் குடுக்கணும். அவ்வளவுதான் கணக்கு.

மேட்டுக் காலேஜ்காரய்ங்க முந்திக்கிட்டாய்ங்க. ஒரு ஜோடி பூட்ஸை வாங்கிக்கிட்டு அவன் வீட்டுக்குப் போயிருக்காய்ங்க. வெறும் பூட்ஸு! நல்ல காரியத்துக்குப் போற வீட்டுக்கு எவனாவது செருப்பை எடுத்துக்கிட்டுப் போவானா? முறை தெரியாத பயலுக. நான் சொன்னேன், நாம முறையாப் போவோம்னு. தாம்பாளம் எடுத்தோம். வெத்தலை, பாக்கு, ஆப்பிள், ஆரஞ்சு, ஒரு ஹார்லிக்ஸ், அவுக அம்மாவுக்கு ஒரு சேலை. நல்ல நேரம் பாத்து, ஒத்தப்படையா ஏழு பேரு போனோம். போற வழியில பூனை குறுக்க வந்துச்சுன்னு தனுஷ்கோடி ஆட்டோவைத் திருப்பச் சொன்னாரு. கால் மணி நேரம் பெட்டிக்கடையில உக்காந்து சோடா குடிச்சிட்டுத்தான் மறுபடி கிளம்புனோம்.

அந்த அம்மா பேரு மாயக்கா. புருசன் இல்ல. நூறு நாள் வேலைக்குப் போற அம்மா. தாம்பாளத்தைப் பாத்ததும், "யாருக்குங்க? எம்மூத்த மகளுக்கா?"ன்னு முகமெல்லாம் மலர்ந்து போச்சு. மூத்தவ ஒருத்தி இருந்தா போல. ப்ளஸ் டூ முடிச்சிட்டு ரெண்டு வருசமா மில்லுக்குப் போறாளாம். அவதான் காப்பி கொண்டாந்து குடுத்தா. "இல்லம்மா, உங்க மகனுக்கு"ன்னு சொன்னேன். அந்த அம்மாவுக்குப் புரிய நேரமாச்சு. புரிஞ்சதும், சேலையை மட்டும் எடுத்து எங்கிட்டயே திருப்பிக் குடுத்துருச்சு.

"எங்க வீட்டுல ரெண்டு பேரு படிக்கணுங்க. மூத்தவளும் நல்லாப் படிச்ச புள்ள"ன்னு அது ஏதோ சொல்லிக்கிட்டே இருந்துச்சு. நான் பையனோட கால்களைப் பாத்துக்கிட்டு இருந்தேன். இடது கணுக்கால்ல லேசா வீக்கம் இருந்துச்சு. அது என்னன்னு கேட்டேன். மாடு மிதிச்சிருச்சுன்னான். எனக்குத் திக்குன்னு ஆயிருச்சு. மறுநாளே புத்தூர்க் கட்டுப் போடுற ஆளைக் கூட்டிட்டுப் போய்க் காமிச்சேன். கடையைப் பூட்டிட்டுப் போனேன் தம்பி. பெத்த தகப்பன் செய்வானா?

கடைசியா அந்த அம்மா ஒண்ணே ஒண்ணு கேட்டுச்சு. "அங்க வந்தா பி.காம் கெடைக்குமாய்யா? வேற ஒண்ணும் வேணாம். பி.காம் படிச்சா பேங்குல வேலை கெடைக்குமாமே." அதுக்கு நான் பொறுப்பும்மான்னு சத்தியம் பண்ணிக் குடுத்தேன். தட்டை மாத்திக்கிட்டோம். தனுஷ்கோடிக்குக் கண்ணுல தண்ணி. கிறுக்கு மனுசன்.

கிளம்பும்போது அந்த அம்மா கேட்டுச்சு, "உங்களுக்கும் ஒரு பொம்பளப் புள்ள இந்த வருசம் முடிச்சிருக்காமேய்யா, அது எங்க சேருது?" அது கெடக்கும்மா, அது பாத்துக்கலாம்னேன்.

ஆமா, எனக்கும் ஒரு மக. யோகேஸ்வரி. அதே வருசம்தான் ப்ளஸ் டூ. நல்ல மார்க்குதான் எடுத்திருந்தா, நானூத்தி எழுவதோ எம்பதோ. அவளும் எங்க காலேஜுல பி.காமுக்குத்தான் போட்டிருந்தா. வெயிட்டிங் லிஸ்ட்டு, நாலாவது ஆளு. ஸ்கூல் முடிஞ்சிருச்சுங்கிறதால எனக்குக் கடையில ஒத்தாசையா இருந்தா. கையெழுத்து முத்து முத்தா இருக்கும். அட்மிசன் பாரம் நிரப்பத் தெரியாம வர்ற கிராமத்துச் சனங்களுக்கெல்லாம் அவதான் எழுதிக் குடுப்பா. இளமாறன் பாரத்தையும் அவளைத்தான் எழுதச் சொன்னேன். நல்லா எழுதும்மா, அடிச்சுத் திருத்தாம எழுதுன்னேன். விரும்பும் பாடப்பிரிவுன்னு ஒரு எடம் வரும்ல. அங்க வந்ததும் பேனாவை எடுத்துட்டு என்னைப் பாத்தா. பி.காம்னு எழுதுன்னேன். எழுதினா. என்ன அழகா எழுதியிருந்தாங்கிறீங்க! அதை ஒரு காப்பி எடுத்து இன்னமும் வச்சிருக்கேன்.

இப்ப சீட்டு வேணுமே. ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல பி.காமுக்கு இருந்ததே ரெண்டு. பி.டி. சார் அந்த ரெண்டையும் வாலிபால்காரப் பயலுகளுக்குத் தூக்கிக் குடுத்துட்டாரு. வாலிபால்! கையால தட்டுறது ஒரு வெளாட்டா? புரோட்டா மாஸ்டர் கூடத்தான் நாளெல்லாம் தட்டுறான். ஹிஸ்டரில வேணா சேத்துக்கோன்னாரு. நான் அந்த அம்மாவுக்கு சத்தியம் பண்ணிட்டு வந்திருக்கேன்.

நேரா செக்ரட்டரி ஐயாவைப் பாக்கப் போனேன். பெரிய மனுசன். அவரு ரூமுக்குள்ள நான் அதுக்கு முன்னாடி போனதே இல்ல. என்னைப் பாத்ததும், "வா சோலைமலை, நீ வருவேன்னு நெனச்சேன்"னாரு.

"எத்தனை வருசமா எதுத்தாப்புல இருக்க. ஒரு நாள் இது வேணும்னு வந்து நின்னதில்ல. போன தடவை இன்ஸ்பெக்சன் கமிட்டி வந்தப்ப நாலு நாள் கண் முழிச்சு காலேஜுக்கு வேலை பாத்துக் குடுத்த. எங்கையில ஒரே ஒரு பி.காம் சீட்டு இருக்கு. எம்.எல்.ஏ. கேட்டும் குடுக்கல. உனக்குன்னுதான் வச்சிருக்கேன். பேரை எழுது"ன்னு பேனாவை மூடி கழட்டி எங்கையில குடுத்தாரு.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு தம்பி. அவரு பேனா! எழுதுனேன். மா. இளமாறன், கரட்டுப்பட்டி.

ஐயா பேப்பரைத் திருப்பிப் பாத்தாரு. என்னைப் பாத்தாரு. "இது யாரு?"ன்னாரு. ஒம்போதாம் நம்பருங்க ஐயான்னேன். "உனக்கு ஒரு மக இருக்குல்ல, இந்த வருசம்தானே?"ன்னாரு. அது எங்கயாவது சேந்துக்கிரும்ங்க ஐயா, காலேஜு பேருதான் முக்கியம்னேன். ஐயா என்னைப் பெருமையாப் பாத்துக்கிட்டே இருந்தாரு. ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு இருந்தாரு. இந்தக் காலேஜுக்காக அதைச் செஞ்சேன் இதைச் செஞ்சேன்னு எவ்வளவோ பேரு சொல்லிக்கிறாய்ங்க. எவனாவது இதைச் செஞ்சிருப்பானா?

கடைசி நாள் வியாழக்கிழமை. நாலு மணிக்குள்ள ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டோட வந்து சேரணும். காலையிலேயே பிளக்ஸ் வச்சாச்சு. கேட்டு ஒசரத்துக்கு. 'வருக வருக எங்கள் ஒன்பதே'ன்னு அவன் பந்தை ஒதைக்கிற போட்டோ, கீழ நாங்க நாப்பது பேரு தலை. என் தலையை ரெண்டாவது வரிசையில போட்டுட்டான் டிசைனரு, அதுல எனக்கும் தனுஷ்கோடிக்கும் சின்ன வாக்குவாதம். செண்டை மேளம் சொல்லியிருந்தோம். ஆளுயர மாலை. பதினோரு மணிக்கு வர்றேன்னு சொல்லியிருந்தான். பன்னெண்டாச்சு, ஒண்ணாச்சு. போனை எடுக்கல.

மூணு மணிக்கு குரூப்புல ஒரு போட்டோ வந்து விழுந்துச்சு. மேட்டுக் காலேஜ் பிரின்ஸ்பால் ரூமு. இளமாறன் கழுத்துல சால்வை. பக்கத்துல அவுக அம்மா. இன்னொரு பக்கம் அவன் அக்கா, அவ கையிலயும் ஒரு அட்மிசன் கார்டு.

புரியுதா? அக்காளுக்கும் சீட்டுக் குடுத்தாத்தான் நான் வருவேன்னு சொல்லியிருக்கான் அந்தப் பய. மில்லுக்குப் போய்க்கிட்டு இருந்தவளுக்கு! அவய்ங்களும் குடுத்துட்டாய்ங்க. ரெண்டு பேருக்கும் பி.காம். நான் தாம்பாளம் வச்சேன், கட்டுப் போட்டு விட்டேன், சத்தியம் பண்ணேன். அதெல்லாம் ஒண்ணுமில்ல. அக்காளுக்கு சீட்டாம். முப்பத்தியொரு கோல் போட்டவன் பேசுற பேச்சா இது? காலுல இருக்குற அருமை மண்டையில இல்லையே. நன்றி கெட்ட பய. வெக்கங்கெட்ட பய. ஒரு பொட்டப் புள்ளைக்காகக் கெழக்குக் காலேஜையே விட்டுட்டுப் போனவனை வேற என்ன சொல்றது?

அந்தப் பொங்கலுக்கு எங்களுக்கு எதிரா ரெண்டு கோலு போட்டான். ரெண்டும் இடது கால்ல. நான் கட்டுப் போட்டு விட்ட காலு. இப்ப ரயில்வேயில இருக்கானாம். அவன் அக்கா ஏதோ பேங்குல இருக்காளாம். இருந்துட்டுப் போகட்டும், எனக்கென்ன.

ஆனா எம் பொண்டாட்டி ராக்கு இருக்காளே, அவ இளமாறனை ஒரு வார்த்தை திட்டுனதில்ல தம்பி. என்னைத்தான் திட்டுறா, இன்னைய வரைக்கும். அந்த வியாழக்கெழமையைச் சொல்லிச் சொல்லிக் காட்டுறா. நீங்க வெளி ஆளு, படிச்ச புள்ள. நடந்ததைச் சொல்றேன், யாரு மேல தப்புன்னு நீங்களே சொல்லுங்க.

போட்டோ வந்துச்சுல்ல, மூணு மணிக்கு. செண்டைக்காரன் கிளம்பிட்டான். தனுஷ்கோடி பிளக்ஸுக்குக் கீழயே உக்காந்துட்டாரு. நான் மட்டும் நம்பல. பழைய போட்டோவா இருக்கும், கட் பண்ணி ஒட்டியிருப்பாய்ங்க, அந்தப் பயலுக எதுவும் செய்வாய்ங்கன்னு கடை வாசல்ல நிக்கிறேன். மூணே முக்காலுக்கு ஆபீஸ் சூப்பிரண்டு வேலாயுதம் அண்ணன் ரோட்டைக் கடந்து வேர்க்க விறுவிறுக்க வர்றாரு.

"சோலைமலை, ஐயா அனுப்புனாரு. உன் ஆளு வர மாட்டான், எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. நாலு மணிக்கு லிஸ்ட்டை மூடணும். அந்த சீட்டு வீணாப் போயிரும். உன் மக மார்க் சீட்டைக் குடு, இப்பவே பேரை ஏத்திடுறேன்."

திரும்பிப் பாத்தா யோகு மார்க் சீட்டைக் கையில எடுத்து வச்சிருக்கா. டி.சி., போட்டோ எல்லாம் சேத்து ஒரு பிளாஸ்டிக் கவர்ல. எப்ப எடுத்து வச்சாளோ, எனக்குத் தெரியாது. நீட்டிக்கிட்டு நிக்கிறா, அவ்வளவுதான். வேலாயுதம் அண்ணன் வாங்கக் கையை நீட்டிட்டாரு.

நான் தடுத்தேன். பின்ன? இன்னும் பதினஞ்சு நிமிசம் இருக்குல்ல? ரெப்ரி விசில் ஊதுறதுக்கு முன்னாடி எவனாவது மைதானத்தை விட்டு வெளிய போவானா? நாலு மணிக்கு முன்னாடி ஓடி வந்து அவன் நின்னான்னா, எம் மூஞ்சியை எங்க கொண்டுபோய் வச்சுக்கிறது? "அண்ணே, அது ஒம்போதாம் நம்பர் சீட்டு. அவன் வந்தா அவனுக்கு. வரலைன்னா அது காலியாவே கெடக்கட்டும், அவனுக்கு வச்சிருந்த எடம்னு ஊரு தெரிஞ்சுக்கட்டும். எங்கிட்ட வேற ஆளு இல்லண்ணே"ன்னு சொன்னேன்.

அண்ணன் என்னைப் பாத்தாரு, அவளைப் பாத்தாரு. "வேற ஆளு இல்லையா?"ன்னு திருப்பிக் கேட்டாரு. இல்லைன்னேன். போயிட்டாரு. நாலு மணிக்கு பெல்லடிச்சுச்சு. இதுதான் தம்பி நடந்தது. ஒரு ஆளு கடைசி வரைக்கும் நம்பி நிக்கிறது தப்பா?

யோகு அழுதாளா? இல்லவே இல்ல. அதைத்தான் ராக்குகிட்ட சொல்றேன், புள்ளைக்கே ஒண்ணுமில்ல, நடுவுல உனக்கு என்னடின்னு. அந்த வருசமே சித்தி கூட திருப்பூருக்குப் போயிட்டா, பனியன் கம்பெனியில செக்கிங். அங்கேயேதான் இருக்கா இன்னமும். இன்னைக்கு இந்த லெப்ட் விங் வீட்டுல சீக்கிரம் முடிஞ்சா எட்டிப் பாக்கலாம்னு இருக்கேன். பூவை அவளுக்கே குடுத்துரலாம், பையன் வீட்டுல வாங்கிக்கலைன்னா.

பெல்லடிச்ச உடனேயே கூட அவ வேலையைத்தான் பாத்தா தம்பி. ஒரு அம்மா ரேசன் கார்டை நீட்டிக்கிட்டு நின்னுச்சு. கவரை மேசைக்குள்ள வச்சுட்டு, "எத்தனை காப்பிம்மா?"ன்னு கேட்டா. குரல் கூட மாறல. அந்த அம்மா ரெண்டுன்னுச்சு. கார்டை வச்சு, முந்தி போட்டிருந்த நூறை ரெண்டா மாத்தாம பட்டனை அமுக்கிட்டு அப்பிடியே நின்னா. மெசின் பாட்டுக்கு ஓடுது. பத்து வருது, இருபது வருது, தட்டு நெறஞ்சு கீழ கொட்டுது, அந்த அம்மா போதும் தாயி போதும் தாயிங்குது, இவ நின்ன எடத்துல நிக்கிறா. நான்தான் ஓடிப்போய் சுவிட்ச்சை ஆப் பண்ணேன். யாரு வீட்டுப் பேப்பருன்னு ஒரு சத்தம் போட்டேன். நல்ல புள்ளதான் தம்பி, கொறை சொல்ல முடியாது. வேலையில கவனம் மட்டும் பத்தாது.